கொடிக்காலுக்குப் போகாத நாள்

அத்தியாயம் 11

“திரிஷாவுக்கு லீவு வேணும் மாஸ்டர். நாளைக்கு மட்டுமில்ல. எலும்பு சேர்ற வரைக்கும்.”

கேட்டேவிட்டாள் ஜோதிகா. லீவு என்கிற சொல்லை மாஸ்டர் முன்னால் எடுக்கவே கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கக்கூடப் பார்த்தாள். ஜோதிகாதான் தலையைக் குனியவில்லை.

சிமென்ட் கோர்ட்டில் பெண்பிள்ளைகள் கோட்டைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டியன் மாஸ்டர் விசிலை ஊதி, இன்னொரு சுற்று ஓடவிட்ட பிறகுதான் இவள் பக்கம் திரும்பினார்.

“யாரு கேக்கச் சொன்னா? ஒங்கப்பனா?”

“நானாத்தான் கேக்குறேன்.”

“அப்ப ஒங்கப்பனைக் கூட்டியா. அவன் சொல்லட்டும்.”

அப்பா சொல்ல மாட்டார் என்று அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

நாளைக்குத் தேனியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். திரிஷா பத்தாம் வகுப்பு எழுதி முடித்தவள். சின்னமனூர் கூடைப்பந்து அணியில் பந்தை நடத்திக்கொண்டு போகிற கார்டு. போன வாரம் பயிற்சி முடிந்து வந்தவள், வீட்டுப் படியில் வலது காலை ஊன்றாமல் ஏறியதை ஜோதிகா பார்த்துவிட்டாள். அவள் பிசியோதெரபி படித்தவள், பழனிசெட்டிபட்டியில் ஒரு கிளினிக்கில் தினமும் ஊரார் கால்களைப் பிடித்துப் பார்க்கிறவள். தங்கையை உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். திரிஷா பல்லைக் கடித்துக்கொண்டு, “வலிக்கலையே” என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் முடி மாதிரி ஒரு கோடு. இன்னும் உடையவில்லை, உடையப் பார்க்கிறது, ஓடவே கூடாது என்றார் டாக்டர். அப்பா பால்பாண்டி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார். அந்த வீட்டில் அவருக்குத் தெரியாத ஒன்று இல்லாததாகிவிடும்.

“கோடு இருக்குன்னா பிள்ளையால நிக்கவே முடியாதுல்ல?” என்றார் மாஸ்டர். “அந்தா ஓடுதே.”

“நல்லாப் பாருங்க மாஸ்டர்.”

கோர்ட்டில் இப்போது ஆட்டம் ஆரம்பித்திருந்தது. திரிஷா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். எதிரே முபீனா கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். இடது தோளைக் கொஞ்சம் சாய்ப்பாள் திரிஷா. எதிராளி அதை நம்பி அசைவதற்குள் வலது பக்கம் போய்விடுவாள். போன வருஷம் பூராவும் மாவட்டத்தில் அந்த முதல் அடியைத் தடுக்க ஆளே இல்லை. இப்போதும் தோள் சாய்ந்தது. கால்தான் பின்னாலேயே வந்தது. முபீனா அவசரமே படாமல் பந்தைப் பறித்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், “என்ன திரிஷா, செருப்பு மாட்டிக்கிச்சா?” என்று வேறு கேட்டாள்.

“பாத்தீகளா? மொத அடி லேட்டாகுது.”

“அதைத்தானத்தா நானும் சொல்றேன். ஒடம்பு மந்தமாயிருச்சு. அதான் வாய்க்கால் கரையில கூடுதலா ஓடவிட்டேன். ராத்திரி சோத்தை நிப்பாட்டச் சொன்னேன்.”

“கால் மெதுவாச்சுன்னு ஓட்டத்தைக் கூட்டினீக. கூட்டக் கூட்ட இன்னும் மெதுவாச்சு. மறுபடியும் கூட்டினீக. ஒரு தடவையாச்சும் கொறைச்சுப் பாத்தீகளா?”

“கார்டுன்னா காத்து மாதிரி ஒடம்பு வேணும்.”

“கார்டுன்னா சட்டுனு நிக்கணும், சட்டுனு திரும்பணும். அதுக்குத் தொடையில பலம் வேணும், வயித்துல சோறு வேணும். கரையில நேரா ஓடுனா நேரா ஓடத்தான் வரும். இங்க எவ நேரா ஓடுறா?”

மாஸ்டரின் முகம் சிவந்தது. “எங்கிட்ட ஆடுன பிள்ளைக இன்னைக்கு ரயில்வேயில இருக்கு, போலீஸ்ல இருக்கு. நீ எங்கன இருக்க? கட்டில்ல கெடக்கிற கிழடுகளுக்குக் காலை அமுக்கிக்கிருக்க.”

பொய்யில்லை. இரண்டுமே பொய்யில்லை. அவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறவர். விடியும் முன்னால் வந்து கோர்ட்டைத் தானே கூட்டுவார். முபீனாவின் வாப்பா ஹனீபா, பிள்ளை மைதானத்துக்கே போகக் கூடாது என்று நின்றபோது, அவர் கடை வாசலில் நாள்கணக்கில் போய் உட்கார்ந்து சம்மதம் வாங்கியவரும் இவர்தான். ஜோதிகாவுக்கு ஆத்திரமே அதுதான். ஆள் கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

“நாளைக்குப் பிள்ளைகளை எடுக்கப் போறது ஞானபாக்கியம் மேடம்,” என்றார், குரலைத் தணித்து. “கால் வலின்னு ஒரு சொல்லு அவுக காதுல விழுந்துச்சு, பேரை அடிச்சிட்டு அடுத்த பிள்ளையக் கூப்பிட்டிருவாக. ஒன் தங்கச்சி இத்தனை வருசம் ஓடுனது மண்ணாப் போகும். வாயை மூடிக்கிட்டு இரு ஆத்தா. ஒரே ஒரு நாள்.”

விசில் ஊதினார். பேச்சு முடிந்துவிட்டது.

*

வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் ஈரச் சாக்கை விரித்து, அம்மா மலையம்மாள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜோதிகா ஒதுங்கி, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு மாதவிலக்கில் இரண்டாம் நாள்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டில் இது சட்டம். மற்றதெல்லாம் மாறிவிட்டது. அந்த நாட்களிலும் வீட்டுக்குள் வரலாம், அடுப்பைத் தொடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொடிக்காலுக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கொடி கருகிவிடுமாம். வீட்டுக்கும் பஸ் நிற்கிற ரோட்டுக்கும் நடுவில்தான் இவர்கள் கொடிக்கால் கிடக்கிறது. அந்த நாட்களில் ஜோதிகா செங்கல் சூளையைச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போவாள். காலேஜில் மனித உடம்பை நரம்பு நரம்பாகப் பிரித்துப் படித்த வருஷங்களிலும் சுற்றித்தான் போனாள்.

“மாஸ்டர்ட்ட போய்க் கேட்டியாமே,” என்றாள் அம்மா நிமிராமல். “போன் வந்துச்சு. ஒங்கப்பா சந்தையிலருந்து வரட்டும், இருக்கு ஒனக்கு.”

“வரட்டும்.”

“இந்தா, இந்தத் திமிருதான். எலை நெறையக் கெடக்கு, ஒரு கை குடுப்பன்னு பாத்தா ஒனக்கு இன்னைக்குன்னு வந்துருக்கு. சின்னவளப் பாரு. விடியமுன்ன கரையில ஓட்டத்த முடிச்சிட்டு நேரா கொடிக்காலுக்கு வந்து ஏணியில ஏறிருவா. ஒரு நாள் தவறுனதில்ல.”

“ஒரு நாளுமா?”

“ஒரு நாளும்தான். தைக்குப் பெறகு ‘நீ இன்னைக்கு வேணாம்’னு நான் அவளை நிப்பாட்டுனதே இல்லையே.”

ஜோதிகா சாக்கில் கிடந்த இலைக் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வைகாசி.

ஸ்கேன் பார்த்த அன்றைக்கு டாக்டர் கேட்டார்: “மாசாமாசம் சரியா வருதாம்மா?” திரிஷா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “போன வாரம்தான் டாக்டர்,” என்றாள். பக்கத்தில் நின்ற ஜோதிகா அதை நம்பினாள்.

“அம்மா. அவளுக்கு வரலை.”

“என்னது வரலை?”

“தையிலருந்து வரலை. வந்திருந்தா எப்பிடிக் கொடிக்காலுக்கு வருவா? நீ விடுவியா?”

மலையம்மாளின் கை இலை மேல் நின்றது. அவள் ஆச்சரியப்படவில்லை, வாசலில் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் இருந்தியா?”

“மெதுவாப் பேசுடி. ஓடுற பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் தள்ளிப்போகுமாம். மாஸ்டர் வீட்டம்மா கூடச் சொன்னாக.” அம்மா ஓர் இலையை எடுத்து, காம்பைத் துடைத்தாள். “ஒரு பிள்ளையாச்சும் ஒதுங்காம, சுத்தாம, நிம்மதியா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

ஜோதிகா கத்தத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கடைசி வார்த்தைக்கு மேல் கத்த வரவில்லை.

“உள்ள போறது கொஞ்சம், வெளிய ஓட்டம் ஜாஸ்தி,” என்றாள். “ஒடம்பு எதை நிப்பாட்டி மிச்சம் பிடிக்கலாம்னு பாக்கும். மொதல்ல இதைத்தான் நிப்பாட்டும். இது நின்னா எலும்புக்குச் சேர வேண்டியது சேராது. வளர்ற வயசும்மா அவளுக்கு. ஒரு வருசத்துல இம்புட்டு ஒசரம் போயிருக்கா. அந்தக் கோடு நேத்து ஓடி வந்ததில்ல. தையிலருந்து வந்தது.”

மலையம்மாள் அடுக்கியிருந்த கட்டை ஏனோ பிரித்து மறுபடியும் அடுக்க ஆரம்பித்தாள்.

*

திரிஷா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, பந்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். அந்த வீட்டில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியதில்லை, பந்துச் சத்தமே சொல்லிவிடும். ஜோதிகா அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள்.

“டாக்டர்ட்ட ஏன்டி பொய் சொன்ன?”

“எந்தப் பொய்?”

“ஒரு நாள் விடாம எலை கிள்ளப் போனியே, அந்தப் பொய்.”

திரிஷா ஒரு நொடி முழித்தாள். அப்புறம் சிரித்தாள். “இதுக்குத்தான் நீ அம்மாகூட உக்காந்து பேசக் கூடாதுங்கிறது.”

“சிரிக்காத. அறைஞ்சிருவேன்.”

“நல்லதாப் போச்சுன்னுதான்க்கா இருந்தேன்.” பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “வெள்ளை ஷார்ட்ஸ் போட்டா பயமில்ல. மேட்ச் அன்னைக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார வேணாம். மாஸ்டர் எல்லார் முன்னாலயும் சொன்னாக, லீவே போடாத பிள்ளை இவதான், இவளுக்குத்தான் ஸ்டீல் பாடின்னு. முபீனா மூஞ்சியப் பாக்கணுமே.”

“ராத்திரி என்ன திங்கிற?”

“ரெண்டு வாழைப்பழம்.”

“பசிக்காது?”

“பசிக்கிறதுக்குள்ள தூங்கிருவேன்.”

ஜோதிகா அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்த விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. கிளினிக்கில் இதையே வேறொரு பிள்ளையிடம் பார்த்திருந்தால், கூட வந்தவர்களை நிற்கவைத்துக் கேட்டிருப்பாள்.

“கேளு திரிஷா. நாலு மாசம் ஓட்டத்தை நிப்பாட்டு, நல்லாத் தின்னு. எலும்பு சேந்ததும் தொடைக்கும் இடுப்புக்கும் நான் பயிற்சி சொல்லித் தாரேன். அந்த மொத அடி திரும்பி வரும். முன்னைவிட வேகமா வரும். நெசமாச் சொல்றேன்.”

“நாளைக்கு ஆடிட்டு நிப்பாட்டுறேன்.”

“நாளைக்கு ஒடைஞ்சா?”

“ஒடையட்டும். எடுத்த பெறகு ஒடையட்டும்.”

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. மழை வந்தால் வரட்டும் என்பது போலச் சொன்னாள்.

“மேடம்ட்ட மட்டும் சொல்லிராதக்கா. சொன்ன, நீ எனக்கு அக்காவே இல்ல. செத்தாலும் பேச மாட்டேன்.”

ஜோதிகா பிடித்திருந்த மணிக்கட்டை விட்டாள். பந்து மறுபடியும் தரையில் தட்ட ஆரம்பித்தது.

*

பால்பாண்டி சந்தையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, காலிக் கூடைகளை இறக்கி, ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார்.

“மாஸ்டரை எதுத்துப் பேசுனியாமுல்ல?”

“காலைப் பத்திப் பேசுனேன்.”

“அவரு எம்புட்டுப் பிள்ளைகளப் பாத்த மனுசன். நீ ஒரு பட்டம் வாங்கிட்டு வந்து அவருக்குப் பாடம் எடுக்கிற.” துண்டால் வாயைத் துடைத்தார். “ஒன் படமும் கோடும். பிள்ளை நல்லாத்தான் இருக்கா. ஒனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

அவர் மலையம்மாளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பெண்பிள்ளைகள் சமாச்சாரம் எதையும் அவர் தன் வாயால் சொன்னதே கிடையாது. அன்றைக்குச் சொன்னார், அதுவும் பெருமையாக.

“மாசத்துக்கு மூணு நாள் ஒதுங்கிக்கிருந்த பிள்ளை, இப்ப ஒதுங்குறதே இல்ல. அம்புட்டு ஒரம் ஏறிருச்சு ஒடம்புல. நான் கொடிக்கால்ல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

ஆக, எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது நிம்மதி. அப்பாவுக்கு உரம். மாஸ்டருக்கு, லீவு போடாத பிள்ளை. ஒருத்தரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதுதான் ஜோதிகாவால் தாங்க முடியவில்லை.

“அது ஒரமில்லப்பா. தண்ணி காணாத கொடி தளிரே விடாம அப்பிடியே நிக்கும் பாருங்க, அந்த நிப்பு.”

பால்பாண்டி முப்பது வருஷமாகக் கொடிக்கால் பார்க்கிற ஆள். தளிர் விடாத கொடியை ஒருநாளும் அவர் உரமான கொடி என்று சொன்னதில்லை. வேலியோரம் பந்து தட்டிக்கொண்டிருந்த சின்னவளின் காலை ஒரு தடவை பார்த்தார்.

“தண்ணி காணலைன்னா தண்ணி விட்டுக்கிறலாம்,” என்றார் மெல்ல. “நாளைக்கழிச்சிலருந்து சோறு போடு, கறி போடு, ஒன் இஷ்டத்துக்குப் படுக்கப் போடு. நாளைக்கு மட்டும் விடு.”

“நாளைக்குத்தான் ஒடையும்.”

“இங்கன இருந்தா என்ன ஆவா? எலை கிள்ளுவா. ஒன்னைப் படிக்க வச்சதுக்கே எனக்கு மூச்சு முட்டிப் போச்சு, இன்னொருத்திக்குத் தெம்பு இல்ல. விடுதி கெடச்சா சோறு, படிப்பு, பின்னால ஒரு வேலை. ஒனக்கென்னத்தா, வீட்டுக்கு மொதப் பட்டதாரி. அவளுக்கு இருக்கிறது அந்தக் கால் ஒண்ணுதான்.”

“அந்தக் காலைத்தான்ப்பா நானும் கேக்குறேன்.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடைகளை அடுக்கப் போனார். மனசு கரைந்தா, வீம்பா என்று ஜோதிகாவுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் காத்திருக்கவும் இல்லை. அப்பா சரி என்பாரா மாட்டாரா என்பதற்கெல்லாம் இனி வேலை இல்லை. எடுத்த பெறகு ஒடையட்டும் என்று தங்கை சொன்னாளே, அப்போதே ஜோதிகா முடிவு பண்ணியாயிற்று.

உள்ளே போய் ஸ்கேன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“தேனிக்கு. ஞானபாக்கியம் மேடம் இன்னைக்கே வந்துட்டாகளாம். அவுக கையில படத்தைக் குடுத்து, நடந்தது எல்லாத்தையும் சொல்லி, இந்தக் காலுக்கு எப்ப எடம் தருவீகன்னு கேக்கப் போறேன்.”

பந்துச் சத்தம் நின்றது.

“அக்கா!”

மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் கூட்டி வா என்று சொல்லலாம். மாஸ்டர் சொன்ன மாதிரி அந்த இடத்திலேயே பேரை அடித்துவிடவும் செய்யலாம். அடித்தால், இந்த வீட்டில் இனி ஜோதிகாவோடு பேச ஆள் இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.

“ஏ, சூளை வழியாப் போடி,” என்றாள் மலையம்மாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

ஜோதிகா கொடிக்கால் வரப்பில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். செருப்போடு மண்ணை மிதிக்க அவளுக்கும் மனசில்லை.

“எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள்ப்பா,” என்றாள், நன்றாகக் கேட்கும்படி. “கொடி கருகுதான்னு நாளைக்குப் பாத்துச் சொல்லுங்க.”

உள்ளே வெற்றிலைக் கொடி படர்ந்த அகத்தி மரங்களின் நிழல் குளிர்ந்து கிடந்தது. ஈர மண் பாதத்தில் ஒட்டியது. இரண்டு பக்கமும் இலைகள் தோளை உரசின. பின்னால் அம்மா ஏதோ கத்தினாள். அப்பாவின் குரல் வரவே இல்லை.

வேலியில் பந்து வந்து மோதி விழுந்தது. அவளைப் பார்த்துத்தான் திரிஷா எறிந்திருக்கிறாள். குறி பார்த்து எறிந்தால் தப்பாத கை அது.

ஜோதிகா திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டில் தேனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நடையைக் கூட்டினாள்.